குடுமியும் கிராப்பும்: ஜப்பானின் தலைமுடியில் எழுதப்பட்ட சாதி

ஜப்பானிய சலூனில் முடி வெட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று காட்டும் பயணக் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. வாசலிலேயே குனிந்து வணங்கி வரவேற்கிறார்கள். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெறிக்காமல் மெல்லிய துணியைப் போர்த்தி, தலையை நுரை பொங்கத் தேய்த்துக் கழுவுகிறார்கள். எங்காவது அரிக்கிறதா என்று கேட்டு, சொன்ன இடத்தைச் சொறிந்தும் விடுகிறார்கள். கடைசியில் கழுத்தையும் தோளையும் பிடித்துவிடுகிறார்கள். பார்ப்பவர்கள், “என்ன மரியாதை, என்ன சுத்தம்” என்று வியக்கிறார்கள்.

நமக்கு முதலில் கண்ணில் படுவது வேறு. முன்பின் அறியாத ஒருவரின் தலையை இன்னொருவர் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடிக்கிறார். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஊர்ச் சலூனின் நாற்காலியில் உட்கார முடியாமல், பக்கத்து டவுனுக்குப் பேருந்து ஏறிப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்தத் தொடுதலின் விலை நமக்குத் தெரியும்.

ஆனால் அந்த நாற்காலி ஜப்பானிலும் எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கவில்லை. தலையைப் பார்த்ததுமே பிறப்பைச் சொல்லிவிடக்கூடிய நாடாகத்தான் அதுவும் இருந்தது. அந்தக் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலையே அடையாள அட்டை

1603 முதல் 1868 வரை தோகுகாவா ஷோகன்கள் ஜப்பானை ஆண்டார்கள். இன்றைய டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். சாமுராய், உழவர், கைவினைஞர், வணிகர் என்று சமூகம் அடுக்கப்பட்டிருந்தது. யார் என்ன உடுத்தலாம், எப்படிப்பட்ட வீடு கட்டலாம், எதைச் செருகிக்கொண்டு நடக்கலாம் என்பதற்கெல்லாம் விதிகள் இருந்தன. தலைமுடியும் அந்த விதிகளுக்குள் வந்தது.

ஆண்கள் நெற்றியிலிருந்து உச்சி வரை மழித்து, மிச்ச முடியை எண்ணெய் போட்டு வாரி, பின்னாலிருந்து மடக்கிக் குடுமியாகக் கட்டினார்கள். போரில் இரும்புத் தொப்பிக்குள் வெப்பம் தங்காமலிருக்க வீரர்கள் செய்துகொண்டது பிறகு ஊர் வழக்கமாயிற்று என்று சொல்வார்கள். குடுமியின் பருமன், மடிப்பு, கட்டும் இடம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறின. சாமுராயின் குடுமியையும் வணிகரின் குடுமியையும் தூரத்திலிருந்தே பிரித்தறியலாம்.

தன் உச்சியைத் தானே மழித்துக் குடுமி கட்டிக்கொள்வது கடினம். அதனால் தெருவுக்குத் தெரு ‘காமியுய்’ என்ற முடிதிருத்துநர்கள் இருந்தார்கள். அவர்களின் கடை ஊர்க்கதை பேசும் இடம், சதுரங்கம் ஆடும் இடம், வம்பளக்கும் இடம். ஷிகித்தேய் சான்பா என்ற எழுத்தாளர் 1813இல் ‘உகியோதொக்கோ’ என்று ஒரு நகைச்சுவை நூலை எழுதத் தொடங்கினார். அப்படிப்பட்ட ஒரு கடையில் வந்து போகிறவர்களின் பேச்சுதான் அதன் கதை. நகரத்தில் தீப்பிடித்தால் நீதிபதியின் அலுவலகத்துக்கு ஓடிப்போய் ஆவணங்களைக் காப்பாற்றும் பொறுப்பும் எடோவின் முடிதிருத்துநர்களுக்குத் தரப்பட்டிருந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். எடோவில் முடி வெட்டுகிறவர் நகரத்துச் சாதாரணக் குடிமகன். அவர் தொழில் அவரைத் தீண்டத்தகாதவர் ஆக்கவில்லை. செத்த மாட்டை அப்புறப்படுத்தித் தோலைப் பதப்படுத்தியவரைத்தான் அந்தச் சமூகம் தீட்டு என்றது. நம் ஊரிலோ முடி வெட்டிய சமூகத்தையும் சாதி கீழே தள்ளியது. தள்ளிவிட்டு, அவர்களுக்கும் கீழே நம்மை வைத்து, அவர்கள் கையாலேயே நமக்குக் கதவை அடைக்கவும் செய்தது. முடியும் உடலிலிருந்து உதிர்வது, தோலும் உடலிலிருந்து உரிவது. ஓரிடத்தில் ஒன்று தீட்டு, இன்னோரிடத்தில் இரண்டும் தீட்டு. தீட்டு என்பது பொருளிலேயே இருக்கும் குணம் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

குடுமி மறுக்கப்பட்டவர்கள்

நான்கு அடுக்குகளுக்கும் வெளியே இரண்டு பெரிய கூட்டங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ஒன்று ‘எத்தா’. ‘மிகுந்த அழுக்கு’ என்று பொருள்படும் எழுத்துகளில் எழுதப்பட்ட வசைச்சொல் அது. மற்றொன்று ‘ஹினின்’. அதற்கு ‘மனிதரல்லாதார்’ என்று நேர்ப்பொருள். இந்தச் சொற்களை வரலாற்றைச் சொல்வதற்காக மட்டும் இங்கே எழுதுகிறோம். இன்று அந்த மக்களைப் புராக்கு மக்கள் என்றே அழைக்க வேண்டும்.

எத்தா என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் தோல் வேலையும் செத்த விலங்குகளை அகற்றும் வேலையும் செய்தார்கள். அந்த நிலை பிறப்பால் வந்தது, பிறப்போடு தொடர்ந்தது. ஹினின் என்று ஒதுக்கப்பட்டவர்களில் பிச்சையெடுத்தோர், தெருக்கூத்தாடிகள், மரண தண்டனைக் களத்தில் வேலை செய்தோர் எல்லாம் இருந்தார்கள். தண்டனையாகவும் ஒருவரை ஹினின் ஆக்கலாம். காதலர்கள் சேர்ந்து சாக முயன்று இருவரும் பிழைத்துக்கொண்டால், பொது இடத்தில் நிறுத்தி அவமானப்படுத்தி ஹினின் கூட்டத்தில் தள்ளிவிடும் சட்டம் 1720களில் வந்தது.

அதே காலத்தில், 1723இல், எடோவின் ஹினின்கள் குடுமி கட்டக் கூடாது என்று ஆணையிடப்பட்டது. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு திரிய வேண்டும். சாதாரணக் குடிகளிலிருந்து அவர்களைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய வேண்டும் என்பதே நோக்கம். வேறு சில பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளில் தீண்டத்தகாதோர் வைக்கோலால் மட்டுமே முடியைக் கட்ட வேண்டும், உடையில் தோல் துண்டு ஒன்றைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் விதித்தார்கள்.

ஆக, வெட்டிய முடி இழிவின் சின்னம். ஜப்பானிய மொழியில் அந்தத் தலைக்கு ‘ஸான்கிரி’ என்று பெயர். நம் பெரியவர்கள் பேச்சில் சொன்னால் கிராப்பு. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஒரே மாதத்தில் இரண்டு ஆணைகள்

1868இல் ஷோகன் ஆட்சி வீழ்ந்தது. பேரரசர் மெய்ஜியின் பெயரால் புதிய அரசு வந்தது. மேற்கு நாடுகளுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்ற அவசரம் அதற்கு. துறைமுக நகரமான யோகஹாமாவில் வெள்ளைக்காரர்களிடம் தொழில் கற்ற ஜப்பானியர் 1869இல் மேல்நாட்டுப் பாணி முடிதிருத்தகம் திறந்தார். அதன் நினைவாக அங்குள்ள யமாஷித்தா பூங்காவில் இன்றும் ஒரு கிராப்புத் தலைச் சிலை நிற்கிறது.

1871ஆம் ஆண்டு, பழைய ஜப்பானிய நாட்காட்டியின் எட்டாம் மாதம். ஒன்பதாம் நாள் ஓர் ஆணை வந்தது: முடியை வெட்டிக்கொள்வதும், சாமுராய் வாள் இல்லாமல் நடப்பதும் அவரவர் விருப்பம். இருபத்தெட்டாம் நாள் இன்னோர் ஆணை வந்தது: எத்தா, ஹினின் என்ற பெயர்கள் ஒழிக்கப்படுகின்றன, அந்த மக்கள் தொழிலிலும் தகுதியிலும் இனிச் சாதாரணக் குடிகளுக்குச் சமம்.

இரண்டுக்கும் இடையில் பத்தொன்பது நாள். முதல் ஆணை மேலே இருந்தவர்களுக்குக் கிராப்பு வைத்துக்கொள்ளும் சுதந்திரம் தந்தது. இரண்டாவது ஆணை, கிராப்பு வைத்தே தீர வேண்டியிருந்தவர்களை அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. ஜப்பானிய வரலாற்று நூல்கள் முதலாவதை நாகரிகத்தின் கதையாகவும், இரண்டாவதை வேறோர் அத்தியாயமாகவும் பிரித்துச் சொல்வது வழக்கம். நாம் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஏனென்றால் அடுத்த சில ஆண்டுகளில் கிராப்பின் பொருள் தலைகீழானது. வெட்டிய தலை என்றால் முன்னேற்றம், குடுமி என்றால் பழமை என்று அக்காலப் பிரபலமான சிறு பாட்டு ஒன்றே கிளம்பியது. 1873 மார்ச்சில் பேரரசரே குடுமியை எடுத்தார். அதற்குப் பிறகு அதிகாரிகளும் ஆசிரியர்களும் நகரத்தாரும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டாக ஹினின் தலையில் இருந்த அதே வெட்டு இப்போது நாகரிகம் ஆகிவிட்டது. முடி மாறவில்லை. அது யார் தலையில் இருந்தது என்பதுதான் மாறியது.

பெண்களுக்கு இந்தச் சுதந்திரமும் கிடைக்கவில்லை. நாகரிகம் என்று நம்பி முடியை வெட்டிக்கொண்ட பெண்களைப் பார்த்து அரசு பதறியது. காரணமின்றி முடி வெட்டிக்கொள்ளும் பெண்ணைத் தண்டிக்க 1872இல் டோக்கியோவில் விதி போட்டார்கள். ஆணின் தலை நாட்டின் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும், பெண்ணின் தலை மரபைக் காட்ட வேண்டும் என்ற கணக்கு நமக்கும் பழகியதுதான்.

விடுதலைக்கு விழுந்த அடி

1871இல் எத்தா என்று பதிவானவர்கள் சுமார் 2.8 லட்சம் பேர், ஹினின் என்று பதிவானவர்கள் சுமார் 23 ஆயிரம் பேர். ஆணை வந்தது, நிலம் வரவில்லை, பணம் வரவில்லை. செத்த மாட்டின் மீதும் தோலின் மீதும் அவர்களுக்கு இருந்த தனியுரிமையும் அதே ஆண்டில் போயிற்று. பட்டம் இழந்த சாமுராய்களுக்கு அரசு கடன் பத்திரம் கொடுத்து ஈடு கட்டியது. இவர்களுக்கு எந்த ஈடும் இல்லை.

அதைவிடப் பெரிய அடி 1873இல் விழுந்தது. இன்றைய ஒகயாமா மாகாணத்தின் மிமசாக்கா பகுதியில் மே மாத இறுதியில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கட்டாய ராணுவ சேவை வேண்டாம், பள்ளிக்கூடச் செலவை எங்கள் தலையில் கட்டாதே என்ற கோரிக்கைகளில் நியாயம் இருந்தது. ஆனால் அதே பட்டியலில் கிராப்பு வேண்டாம், மாடு வெட்டக் கூடாது, எத்தா ஒழிப்பு ஆணையைத் திரும்பப் பெறு என்பவையும் இருந்தன. கூட்டம் புராக்குக் குடியிருப்புகளுக்குப் போய், பழையபடியே அடங்கி நடப்போம் என்று மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னது. எழுத மறுத்த சுகவாரா என்ற ஊரைத் தாக்கியது. 18 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கலவரத்தில் 260க்கும் மேற்பட்ட புராக்கு வீடுகள் எரிக்கப்பட்டன.

ஏழை உழவன் அரசின் மேல் கொண்ட கோபம், தன்னைவிட ஏழையின் வீட்டில் தீயாக விழுந்தது. இதை வாசிக்கும்போது கீழ்வெண்மணியும் தருமபுரியும் நமக்கு நினைவுக்கு வராமல் போகாது. காலமும் காரணமும் வேறு. ஆனால் நேற்று வரை குனிந்திருந்தவன் இன்று நிமிர்ந்து நடக்கிறானே என்ற எரிச்சல் ஒன்றுதான்.

கலவரம் இல்லாத ஊர்களில் கதவுகள் மூடின. சட்டம் சமம் என்றாலும், பொதுக் குளியலகத்திலும் முடிதிருத்தகத்திலும் புராக்கு மக்களைச் சேர்க்க மறுத்த இடங்கள் இருந்தன. ‘புதுக் குடிமக்கள்’ என்று ஒரு புதிய பெயர் அவர்களுக்குச் சூட்டப்பட்டது. கேட்க மரியாதையாக இருக்கும். பழைய வசையைப் புதிய சொல்லில் சொல்லும் வழி அது.

அரசின் கையில் கத்தரி

முடியைக் கட்டளையால் ஆள்வது மெய்ஜி அரசு வந்த பிறகு தொடங்கியதல்ல. வடக்கே ஐனு பழங்குடி மக்களின் நிலத்தை 1850களில் நேரடியாக ஆளத் தொடங்கிய ஷோகன் அரசு, அவர்களின் தாடியை மழித்து ஜப்பானியக் குடுமி கட்டிக்கொள்ளும்படி வற்புறுத்தியது. 1871இல் மெய்ஜி அரசு ஐனு பெண்கள் பச்சை குத்துவதையும் ஆண்கள் காதணி அணிவதையும் தடை செய்தது.

கொரியாவில் இது நேரெதிராக நடந்தது. 1895 அக்டோபரில் ஜப்பானியக் கையாட்கள் கொரிய அரசி மின்னைக் கொன்றார்கள். அந்த ஆண்டின் கடைசி நாட்களில், ஜப்பான் சார்பு அமைச்சரவை எல்லா ஆண்களும் குடுமியை வெட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. பெற்றோர் தந்த உடலின் பகுதி முடி என்று நம்பிய மக்கள் கொதித்தெழுந்தார்கள். பல இடங்களில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. 1896 பிப்ரவரியில் அரசர் ரஷ்யத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார், பிரதமர் கிம் ஹாங்-ஜிப்பைக் கூட்டம் அடித்துக் கொன்றது, ஆணை கைவிடப்பட்டது.

எடோவில் குடுமி மறுக்கப்பட்டது அவமானம். கொரியாவில் குடுமி வெட்டப்பட்டது அவமானம். இரண்டிலும் அவமானம் முடியில் இல்லை, கத்தரியைப் பிடித்திருந்த கையில் இருந்தது.

இந்தப் பழக்கம் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் தங்கிவிட்டது. ஆண் பிள்ளைகள் மொட்டையாக வெட்டியே வர வேண்டும் என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவர் தொடுத்த வழக்கை, 1985இல் குமாமோத்தோ மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிறப்பிலேயே பழுப்பு முடி கொண்ட ஒசாகா மாணவி ஒருவரைக் கறுப்புச் சாயம் பூசும்படி பள்ளி வற்புறுத்தியது. அவர் 2017இல் வழக்குப் போட்டார். 2021இல் நீதிமன்றம் சிறு இழப்பீடு தரச் சொன்னது. கறுப்பு முடி விதி செல்லும் என்றும் சொன்னது. பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பிறகு, டோக்கியோ பெருநகர அரசின் பள்ளிகள் 2022இல் இப்படிப்பட்ட விதிகள் பலவற்றைக் கைவிட்டன.

தலையிலிருந்து காகிதத்துக்கு

இன்று ஜப்பானில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட அழகு நிலையங்கள் இருக்கின்றன. முடிதிருத்தகங்கள் தனி. 1996இல் டோக்கியோவில் பத்து நிமிடம், ஆயிரம் யென் என்ற கணக்கில் ஒரு கடை தொடங்கியது. தலை கழுவுவது இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. இயந்திரத்தில் பணம் போட்டுச் சீட்டு வாங்கினால் போதும். அந்த முறை நாடெங்கும் பரவியது. சீட்டுக்கு முகம் தெரியாது, ஊர் தெரியாது. அந்த நாற்காலியில் உட்காரும் புராக்கு இளைஞரை வெட்டுகிறவர் அடையாளம் காண முடியாது. உருவத்திலோ மொழியிலோ முடியிலோ எந்த வேறுபாடும் இல்லை.

அப்படியானால் சாதி போய்விட்டதா? தலையிலிருந்து இறங்கிய சாதி காகிதத்தில் ஏறிக்கொண்டது. 1872இல் நாடு முழுவதும் குடும்பப் பதிவேடு எழுதப்பட்டது. அதில் பல இடங்களில் பழைய இழிநிலையைக் குறித்து வைத்தார்கள். திருமணத்துக்கும் வேலைக்கும் முன்னால் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அதைப் பொதுப் பார்வையிலிருந்து மூட 1968 வரை ஆயிற்று. 1975இல் இன்னொன்று வெளிப்பட்டது. புராக்குக் குடியிருப்புகளின் பெயர், முகவரிப் பட்டியலை ரகசியமாக அச்சிட்டு நிறுவனங்களுக்கு விற்றிருந்தார்கள். வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டு, சத்தமில்லாமல் நிராகரித்துவிடலாம். இப்போது அந்தப் பட்டியல்கள் இணையத்திலும் வந்துவிட்டன. பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழும் உரிமை என்று ஒன்று உண்டு என்பதை ஏற்று, அவற்றை வெளியிடுவதற்கு எதிராக டோக்கியோ உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

எதுவும் தானாக வரவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் புராக்கு மக்கள் கூடி ‘சுய்ஹெய்ஷா’ என்ற சமநிலைச் சங்கத்தை அமைத்தார்கள். மேலிருப்பவரின் இரக்கத்தால் விடுதலை வராது, நம் கையாலேயே நம்மை விடுவிப்போம் என்பது அதன் நிலைப்பாடு. இழிவுபடுத்தியவரை நேரில் கேள்வி கேட்டு மன்னிப்புக் கேட்க வைப்பது அதன் போராட்ட முறை. குடும்பப் பிறப்பால் பாகுபாடு கூடாது என்று 1947இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 14ஆம் பிரிவு சொல்கிறது. புராக்குப் பாகுபாட்டைப் பெயர் சொல்லி ஒழிக்க முனையும் சட்டம் 2016இல்தான் வந்தது. மீறுகிறவருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை.

நமக்கு என்ன

நம் அரசமைப்பின் 15ஆம் பிரிவு கடைகளில் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் ஒரு விளக்கம் தந்தார். கடை என்ற சொல்லை உள்ளே நுழைவது என்ற குறுகிய பொருளில் வைக்கவில்லை, சேவையைக் கேட்டுப் பெறும் உரிமை என்ற விரிந்த பொருளில்தான் வைத்திருக்கிறோம் என்றார். அந்தப் பொருளில் சலூனின் நாற்காலியும் அடங்கும். 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நம் கையில் இருக்கின்றன. தண்டனை சொல்லும் சட்டம் நம்மிடம் இருந்தும் நாற்காலி மறுக்கப்படும் ஊர்கள் இருக்கின்றன. தண்டனை இல்லாத சட்டம் மட்டும் இருக்கும் நாட்டில் நாற்காலி கிடைக்கிறது, ஆனால் பட்டியல் உயிரோடிருக்கிறது. இரண்டு நாடுகளிடமும் மற்றதற்குக் கற்றுக்கொடுக்க ஏதோ இருக்கிறது.

கற்றுக்கொள்ளும் வேலை முன்பே தொடங்கிவிட்டது. புராக்கு விடுதலைக் கழகத்தின் முன்முயற்சியில் 1988இல் பாகுபாட்டுக்கு எதிரான பன்னாட்டு இயக்கம் ஒன்று பிறந்தது. தலித் அமைப்புகளும் புராக்கு அமைப்புகளும் ஐ.நா. அரங்குகளில் சேர்ந்து குரல் கொடுத்தன. வம்சாவளியால் வரும் பாகுபாடும் இனப்பாகுபாடே என்றும், சாதி அதில் அடங்கும் என்றும் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002இல் பரிந்துரைத்தது. இது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று இந்திய அரசு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கடல் கடந்த இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்கள் நம்மோடு வந்து நின்றார்கள்.

மாணவத் தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்வோம். முதலாவது, அடையாளம் மறைந்தால் சாதி மறையாது. குடுமி போனால் பதிவேடு வரும், பதிவேடு மூடினால் இணையப் பட்டியல் வரும். நகரத்துக் குளிரூட்டப்பட்ட சலூனில் யாரும் நம்மை எதுவும் கேட்பதில்லை என்பதால், வாடகை வீட்டுக்காரரும் நேர்காணல் அறையும் கேட்காமல் இருக்கப்போவதில்லை. இரண்டாவது, அவர்கள் நாகரிகம் என்று கொண்டாடுவதை அதற்கு முன் யார் தலையில் அவமானமாக வைத்திருந்தார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டும். பறையானாலும் மாட்டுக்கறியானாலும் கிராப்பானாலும் இந்தக் கேள்வி பொருந்தும்.

உங்கள் ஊரில் முதன்முதலாக எல்லோருக்கும் நாற்காலி போட்ட சலூன் எது? அது எந்த ஆண்டு? அதற்காக யார் அடி வாங்கினார்கள்? அந்தக் கடையை நடத்தியவர் தன் சொந்தச் சாதியிடமும் ஊரிடமும் என்ன விலை கொடுத்தார்? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். யோகஹாமாவில் ஒரு கிராப்புத் தலைக்குச் சிலை இருக்கிறது. நம் ஊர் நாற்காலிகளுக்கு இதுவரை ஒரு வரிகூட எழுதப்படவில்லை.